பிரிக்காத பெட்டிகள்

மின்மாற்றி செய்யும் தொழிற்சாலையில், வருகிற சரக்கைச் சோதித்து வாங்கும் வேலை அவருக்கு. அங்கே அவர் பெயர் ‘தராசு’. சொந்தபந்தம் என்று வந்துவிட்டால் தராசு இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். அதில் மனுஷருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மனைவியின் தம்பி புதிதாகச் சூளை போட்டு, கம்பி சுற்றும் காந்த வளையங்கள் செய்ய ஆரம்பித்திருந்தான். முதல் சரக்கு இவரிடம்தான் வந்தது. இது தேறாவிட்டால் சூளையை மூட வேண்டியதுதான். கூட வந்த தாளில் உட்புகுதிறன், அதாவது வளையம் தனக்குள் எவ்வளவு காந்தத்தை விடும் என்கிற அளவு, 0.0025 என்றிருந்தது. வழக்கமாக வருகிற வளையங்களுக்கு 2000. தராசுக்குச் சுருக்கென்றது.

“மச்சினன்னா கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்னு நெனச்சானா?” என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: “பெட்டியில தம்பி ஒட்டின நாடா அப்படியே இருக்காம். பிரிச்சுக்கூடப் பாக்கலியா நீங்க?”

“தாளப் பாத்தேன்,” என்றார்.

மாதிரிக்கென்று தாளோடு வந்த ஒற்றை வளையம் அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. மறுநாள் முதல் வேலையாக அதில் கம்பி சுற்றி மீட்டரில் மாட்டினார். நல்ல வளையத்துக்கு என்ன காட்டுமோ அதையே காட்டியது. தாளை மறுபடி எடுத்தார். எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஹென்றி/மீட்டர்’ என்று அலகும் குண்டு குண்டாக எழுதியிருந்தது. மற்றவர்கள் வெற்றிடத்தைப்போல் எத்தனை மடங்கு என்று போடுவார்கள். மடங்குக்கு அலகு கிடையாது. இந்தப் புண்ணியவான் முழு அளவையும் அலகோடு போட்டுத் தொலைத்திருக்கிறான். வெற்றிடத்தின் உட்புகுதிறனால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே இரண்டாயிரம். அலகோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவர், அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

விடுப்புச் சொல்லிவிட்டு நேரே மச்சினனின் சூளைக் கொட்டகைக்குப் போனார். சூளை ஆறிக் கிடந்தது. திரும்பி வந்த பெட்டிகள் சுவரோரம் இருந்தன.

“உன் கணக்கு சரி மாப்ளே. நான்தான் அலகப் பாக்கல.”

“பரவாயில்ல மாமா.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “வேற ஆளு அனுப்பியிருந்தா ஒரு போன் பண்ணியாவது கேட்டிருப்பீங்க, இல்ல?”

“ஆமா, கேட்டிருப்பேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து, முதல் பெட்டியை இழுத்து நாடாவைப் பிரித்தார்.