நோன்பு மாதத்து முறிவு

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலையொன்றில் ஆறு வருடம் படிப்பித்த பிறகு, பென்சனுக்கான என் சேவைக்காலத்தைப் பதியச் சொல்லிக் கல்விக் கந்தோருக்குப் போனேன். எங்கள் ஊரிலேயே குடியிருந்த கிளாக்கர், பல்லைக் குத்திக்கொண்டே வரவு இடாப்பைப் புரட்டினார். ஒவ்வொரு வருடமும் நோன்பு மாதத்தில் என் கையெழுத்து இல்லை.

"வருசா வருசம் ஒரு மாசம் வேலைக்கு வரல்ல மாஸ்டர். சேவை முறிஞ்சு போச்சு. கடைசி முறிவுக்குப் பிறகுதான் எண்ணலாம்."

"நோன்புக்கு எங்கட பள்ளிக்கூடமெல்லாம் பூட்டித்தானே கிடக்கும்?"

"நோன்பு எப்ப வருது, எப்ப முடியுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நோன்பு எப்போது முடிகிறதென்று தெரியாமலா இந்த மனுசன் ஒவ்வொரு நோன்புப் பெருநாளும் விடிந்ததும் முதல் ஆளாக வந்து, என் வீட்டு வட்டிலப்ப இனிப்பை வழித்து வழித்துத் தின்றுவிட்டுப் போனார்?