அக்காவைப் படுக்க வைத்த படகு

என் அக்கா உட்கார்ந்தேதான் தூங்குவாள். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் கைகளைப் போட்டுக்கொள்வாள். உடம்பு அப்படிப் பெருத்துவிட்டது. மல்லாந்தால் அவள் மார்பே அவளை அமுக்கும். இது எனக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும். தெருவுக்கு என்ன தெரியும்? "தின்னுட்டு உக்காந்தே கீறா" என்று பேசத் தெரியும். பாழாய்ப்போன வாய்கள்! என்னைவிடக் கம்மியாகத்தான் சாப்பிட்டாள்.

அன்று காலை அவளுக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. எங்கள் ஊர் ஏரி நடுவே கிடக்கும் தீவு. அப்போது பாலம் கிடையாது. படகில் பழவேற்காட்டுக் கரைக்குப் போனால்தான் ஆம்புலன்ஸ். நைனா போன் செய்தார். மாமா படகை எடுத்தார். மாமா என்றால் அத்தை புருஷன். ஏரியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும்.

அக்கா வாசல் தாண்டி வருஷக்கணக்காகியிருந்தது. கதவைக் கழற்றினோம். பழைய வலையை மடித்து, அதில் அவளை உட்கார வைத்து, ஆம்பளைகள் சுற்றிப் பிடித்துத் தூக்கினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"டேய், வலையில கீறேன்னு ஏலம் வுட்டுடாதீங்கடா" என்றாள், மூச்சு வாங்க வாங்க. தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

வாடைக்காற்றில் ஏரி அலைந்துகொண்டிருந்தது. அக்காவை உட்கார வைத்ததுமே படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மாமாவின் முகம் மாறியது.

"படுக்க வையுங்கடா. பாரம் அடியில இருக்கணும்."

எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் ஏற்றுவார்கள். ஐஸ் பெட்டியோ இஞ்சினோ, கனமானதைத் தாழக் கிடத்தினால் படகு கவிழாது. அது பொய்யில்லை. ஆனால் ஐஸ் பெட்டி மூச்சு விடாதே!

"மாமா, படுத்தா அவளுக்கு மூச்சு முட்டும். உக்கார வையுங்க" என்று கத்தினேன்.

"கவுந்தா எல்லாரும் போய்ச் சேருவோம். உனக்கு இன்னா தெரியும்? கம்முனு இரு."

நைனாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமே! அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "மாமா சொல்றதக் கேளும்மா" என்றார்.

படுக்க வைத்தார்கள். அவள் தலைக்கடியில் என் இரண்டு கைகளையும் கொடுத்தேன். "தூக்குடி... தூக்குடி..." என்றாள். எவ்வளவு தூக்க முடியும் என்னால்? பாதி ஏரியில் அந்தச் சத்தமும் நின்றது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பாத்தியா, அடங்கிட்டா. பயம் தெளிஞ்சிடுச்சு" என்றார் மாமா. அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

கரையில் காத்திருந்த ஆம்புலன்ஸ்காரர் எங்களைக் கண்டதும் தண்ணீரில் குதித்து ஓடி வந்தார்.

"யாருங்க படுக்க வெச்சது? மொதல்ல நிமித்துங்க!"

எல்லோரும் சேர்ந்து நிமிர்த்தினார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார். அவருடைய ஸ்ட்ரெச்சர் அக்காவின் பாதி அகலம்கூட இல்லை. மீன் ஏற்றும் வண்டியைக் கொண்டுவர மாமா ஓடினார். அதுவரை அவள் சாயாமல் இருக்க யாராவது முட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் அவள் முதுகோடு என் முதுகை ஒட்டி உட்கார்ந்து, காலைப் படகின் பலகையில் உதைத்துக்கொண்டேன்.

என் முதுகில் அவள் மூச்சு ஏறியது, இறங்கியது. "இப்பதாண்டி... நல்லா கீது" என்றாள். கடவுளே, பிழைத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

வண்டி வந்தது. ஆம்புலன்ஸ்காரர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆக்சிஜனைக் கழற்றினார். நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுந்திரும்மா" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

நான் எழவில்லை. நான் எழுந்தால் அக்கா படுத்துவிடுவாள்.