ஏழாம் நம்பர் மலையில் ஒரு ஆடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்குக் கணக்கப்பிள்ளையான நான்தான் அட்மின். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதை மட்டுமே அதில் போடலாம். வேறு எது வந்தாலும் அழித்துவிடுவேன்.

காலையில், "ஏழாம் நம்பர் மலை" என்று போட்டேன்.

அதற்குக் கீழே ஸ்டெல்லா அக்கா ஒரு படம் போட்டார். மரத்தடியில் அவருடைய ஆடு.

"காணாமப் போன ஆடு ஏழாம் நம்பர்ல கெடைச்சிருச்சு. தேடுனவங்களுக்கு நன்றி."

"இது ஆடு தேடுற குரூப் இல்லீங்க அக்கா" என்று எழுதிவிட்டு, அழிக்கப் போனேன்.

அதற்குள் கொழுந்தெடுக்கும் மேரி எழுதினாள். "ஆட்ட விடுங்க ஐயா. மேல கெளையப் பாருங்க."

படத்தைப் பெரிதாக்கினேன். கிளையில் குடம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு.

அந்த மலைக்குப் போக வேண்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

உடனே மூன்றாம் நம்பர் மலை என்று மாற்றிப் போட்டேன். எல்லாரும் பார்க்கவே அக்காவுக்கு நன்றி சொன்னேன்.

"அப்ப போட்டோ இருக்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டார்.

இருக்கட்டும். குழுவின் உச்சியிலேயே பின் பண்ணி வைத்துவிட்டேன்.

அதற்குக் கீழே இதையும் எழுதினேன்: "நேற்று நான் அழித்த பிறந்தநாள் கேக் படத்தை யாராவது சேமித்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். அதையும் ஒருதடவை நன்றாகப் பார்த்துவிடுகிறேன்."