இரண்டு காசில் ஒரே வெடிப்பு

கம்ப்யூட்டர் திரையில் காசின் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் அதிலிருந்த ராஜாவின் நெற்றி, பிறகு மூக்கு, பிறகு தாடை. தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த பிரௌசிங் சென்டர். நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், பழங்காசு சேர்ப்பவர். நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். ராஜாவின் தாடைக்குக் கீழே காசின் விளிம்பு வெடித்திருந்தது. முந்தின வாரம் இதே திரையில், வேறொரு ஊர்க்காரன் போட்டிருந்த காசிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு.

சார் பணம் கொடுத்து வாங்கப் போவதில்லை. மாற்றிக்கொள்ளப் போகிறார். வடக்கே இருக்கும் ஒருவன் ரோமானிய வெள்ளிக்காசை அனுப்புவான்; பதிலுக்கு இவர் தன் சேரர் காசை அனுப்ப வேண்டும். சதுரமான செப்புக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். அதை எடுத்தவன் நான். கரூரில் ஒரு கோடை முழுக்க அமராவதி ஆற்று மணலைச் சலித்தேன். ஒருவேளைச் சாப்பாடு, பாலத்துக்கு அடியில் படுக்கை, காலில் சேற்றுப்புண். பல ஊர்களில் அப்படித்தான் இருந்திருக்கிறேன். சென்னைக்குத் திரும்பியபோது பசி. சார் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டேன். நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

“வாணாம் சார். இது வார்ப்பு, டூப்பு. போன வாரம் பாத்தோமே, அதுவும் இதுவும் ஒரே காசுலருந்து அச்செடுத்து ஊத்தினது. வெடிப்பைப் பாரு.”

அவர் திரும்பாமலே சொன்னார்: “எல்லாக் காசையும் ஒரே அச்சுலதானேப்பா அடிச்சிருப்பா? ஒண்ணு மாதிரி இருந்தா நல்லதுதானே?”

படித்தவர்கள் செய்யும் தவறு இது. அச்சு ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசுக்கும் தனிச் சுத்தியல் அடி. ராஜாவின் முகம் ஒரே மாதிரி விழும். விளிம்பு அடிக்கு அடி வேறு மாதிரி பிளக்கும். வெடித்த காசு ஒன்றைக் களிமண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்தால்தான் அந்த வெடிப்பும் கூடவே வரும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கையில் நூற்றுக்கணக்கான காசைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

“வெளிம்பைப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லு சார். எடை இன்னான்னு கேளு.”

“கேட்டா அவர் தப்பா எடுத்துப்பார். டாக்டர்ப்பா அவர். இங்கிலீஷ் எவ்வளவு அழகா எழுதறார் பாரு. நீ எதுவரைக்கும் படிச்சே?”

“ஏழாவது.”

“அப்புறம் என்ன?”

“நீ வாங்கறது காசா, இங்கிலீஷா சார்?”

சென்டர் நடத்திய அம்மா சிரித்துவிட்டார். சாருக்கு முகம் சிவந்தது. அன்றைக்கே தி. நகருக்குப் போய், சேரர் காசைப் பஞ்சில் சுற்றி கூரியரில் அனுப்பிவிட்டார். நான் தடுத்திருக்க முடியாது. காசு அவருடையது.

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். வந்திருந்த வெள்ளிக்காசை என் உள்ளங்கையில் வைத்தார். எழுத்துகள் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. ராஜாவின் கன்னத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள். விளிம்பைச் சுற்றி, வார்த்த பிசிறை அரம் போட்டுத் தேய்த்த தடம். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அந்த டாக்டரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அடையாறுல ஒருத்தர் இதைக் கேக்கறார்” என்றார். “நான் நெட்ல போட்டதைப் பார்த்துட்டு எழுதியிருக்கார். ரெண்டு சோழர் காசு தரேங்கறார். யாராவது தெரிஞ்சவா பார்த்துச் சொல்லணுமாம். ஆத்து மணல்ல காசு எடுத்தவன் ஒருத்தன் இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். நல்ல காசுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போறும்.”

“பொய் சொல்றதுக்கு நான்தான் கெட்ச்சேனா சார்?”

“கத்தாதே. வாசல்ல மனுஷா போயிண்டிருக்கா.”

“போவட்டும். கேட்டுக்கினே போவட்டும்!”

காசை மேஜையில் வைத்துவிட்டு நேராக சென்டருக்குப் போனேன். அந்த அம்மாவிடம் சாரின் விளம்பரத்தைத் திறக்கச் சொல்லி, அதன் கீழே எழுதியிருந்த அடையாறுக்காரருக்கு நான் சொல்வதை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். அந்தக் காசு வார்ப்பு, விளிம்பைப் பாருங்கள், அரத் தடம் தெரியும். அவ்வளவுதான். யார் பெயர் போடுவது என்று கேட்டார். என் பெயரையே போடச் சொன்னேன்.

அடையாறுக்காரர் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். நான் காசு திருடுகிறவன் என்று சார் ஊரெல்லாம் சொன்னார். தி. நகரில் பழங்காசு விற்கிற இரண்டு கடைகளிலும் நான் நுழைந்தாலே தட்டை எடுத்து உள்ளே வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வேறு வேலை பார்த்தேன். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அந்த டாக்டருக்கு ஒரு வரி எழுதி, சேரர் காசைத் திருப்பி அனுப்பு என்று சார் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்டால் தான் ஏமாந்தது தெரிந்துவிடுமாம். அந்த மானத்துக்காக அவர் என் யானையை விட்டுக்கொடுத்தார். இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.