கொடியில் காய்ந்த துணியும் கலைவாணியின் வாயும்

ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது சமையல்காரர்களுக்கு விருந்து வைக்கிற மாதிரி; பந்தியில் இருக்கிற அத்தனை பேரும் உப்புப் பார்ப்பார்கள். திருச்சியில் ஒரு பி.எட். கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் பாடத்தில் ஒரு அலகு உண்டு: எது அறிவு என்று முடிவு செய்வது யார், பெண்கள் அறிந்தது ஏன் அறிவாக எண்ணப்படவில்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகித்தானே அறிவு வளர்கிறது? சக பாவப்பட்டவர்களே, பெண்கள் நிறைந்த வகுப்பில் இதை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

முன்வரிசை விளக்கம்

"வகுப்பில் பெண்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை?" என்று கேட்டேன். முன்வரிசை சதீஷ் எழுந்தான். பெண்கள் ஏன் பேசுவதில்லை என்று அவனே விலாவாரியாகப் பேசினான். பெண்கள் குனிந்து குறிப்பெடுத்தார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும் தம்பி, உட்காருங்க" என்று அவனை அமர்த்திவிட்டு, கடைசி பெஞ்ச் கலைவாணியை எழுப்பினேன். மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் மல்லுக்கட்டிப் படிக்க வந்தவள். நீங்க என்ன நினைக்கிறீங்க என்றதும் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"தம்பி சொன்னதுதான் மேடம் எனக்கும்."

நின்னுடறேன்

மறுவாரம் அதே கலைவாணி ஆசிரியர் அறைக்கு வந்து அழுதாள். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்த வேண்டும். அதை நினைத்தாலே தூக்கமே வரவில்லையாம், படிப்பை நிறுத்திவிடுகிறாளாம். "இவ்வளவு சண்டை போட்டு வந்துட்டு, நிறுத்தவா? மைக்ரோ டீச்சிங் முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று அதட்டி அனுப்பினேன். எனக்குள்ளும் பயம்தான். பக்கத்து மேசைக்காரர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"விடுங்க மேடம், வாயே திறக்காதவங்க டீச்சராகி என்ன பண்ணப் போறாங்க?"

எட்டாம் வகுப்பு நாடகம்

மைக்ரோ டீச்சிங் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஆசிரியராக நிற்க, மற்றவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கும் கூத்து. பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு "குட் மார்னிங் டீச்சர்" என்று ராகம் போடுவார்கள். ஆசிரியராக நிற்பவர், என்ன பதில் வந்தாலும் "வெரி குட்" என்பார். அதற்கு மார்க் உண்டு.

அன்று சதீஷ் ஆசிரியர். தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்றான். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. கலைவாணி! "சார், கொடியில காயப்போட்ட துணி கொதிக்கவே இல்லையே, அதுல இருந்த தண்ணி எங்க போச்சு?"

"வெரி குட்" என்று சதீஷ் அடுத்ததற்குத் தாவினான். அவள் விடவில்லை. "வெரி குட் இருக்கட்டும் சார், தண்ணி எங்க போச்சு?"

வகுப்பே சிரித்தது. சதீஷ் தலையைச் சொறிந்து, "தெரியலையே, எல்லாரும் சேர்ந்து யோசிப்போமா?" என்றானே பார்க்கணும்! அவன் வாயால் நான் கேட்ட முதல் நல்ல வாக்கியம். ஒருத்தி காற்று என்றாள், இன்னொருத்தி மழைக்கால ஈரத் துணி நாற்றத்தை நடுவில் இழுத்தாள், பேச்சு பேச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாடம் தானாக விளங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்ததும் கலைவாணியைப் பிடித்தேன். "இத்தனை நாள் இந்த வாய் எங்கம்மா போச்சு?"

"நான் எங்க மேடம் கேட்டேன், எட்டாங்கிளாஸ் புள்ளதானே கேட்டுச்சு."

ஸ்ரீரங்கத்தில் ஒரு வகுப்பு

கலைவாணி படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் முதல் வகுப்பில் சாக்பீஸோடு சிலையாக நின்றாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போச்சு, இன்றோடு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் மெல்ல நடந்து, மாணவிகள் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. இந்தப் பாடத்துல என்ன புரியலைன்னு கேளுங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றாள். ஒரு சிறுமி கேட்டாள், இன்னொருத்தி பதில் சொன்னாள், மூன்றாமவள் அதெல்லாம் இல்லை என்றாள். ஒரே அமளி. சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வாசலுக்கு வந்து, காலியாக இருந்த கரும்பலகைப் பக்கத்தைப் பார்த்து, "இந்த கிளாஸுக்கு டீச்சரே இல்லையா?" என்று அதட்டினார்.

மாணவிகளுக்கு நடுவிலிருந்து கலைவாணி எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"நான்தான் மேடம் டீச்சர்."

ஆசிரியர் பயிற்சி என்பது நாங்களே வைத்துக்கொண்ட பெருமையான பேர். வாயைத் திறக்க இடம் விட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், சம்பளம் மட்டும் எங்களுக்கு வந்துவிடுகிறது.