இறங்கிய கோடு

சின்னம்மாவின் மிளகாய்த் தோட்டத்தில் ஐந்து கன்றுகளின் இலை சுருண்டிருந்தது. நான் கம்பஸ் விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து ஸ்கந்தபுரம் வந்து ஒரு பகல்கூட ஆகவில்லை. அவா குனிந்து முதல் கன்றைப் பிடுங்கப் போனா. நான்தான் கையைப் பிடித்தேன்.

என் இறுதியாண்டு ஆய்வே மிளகாய் இலையைச் சுருட்டும் அந்த வைரஸ்தான். வெள்ளை ஈ மூலம் இலையின் ஒரு கலத்துக்குள் போன முதல் சில மணித்தியாலங்களில் அதன் மரபணுக்கள் எந்த ஒழுங்கில் விழிக்கின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் விழிக்கும் மரபணு ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் பெருகியதும் திரும்பி வந்து தன்னைச் செய்த மரபணுவையே அடக்கிவிடும். வரைபில் கோடு விறுவிறுவென்று ஏறி, பிறகு இறங்கும். அந்த வளைவு முதன்முதல் திரையில் வந்த அன்று விடுதியில் எல்லாரையும் இழுத்துவந்து காட்டினவள் நான்.

வரம்பில் நின்றபடியே அதைப் போனில் காட்டினேன்.

"பாருங்கோ சின்னம்மா, தானாவே அடங்குது. காய்க்கிற கண்டை ஏன் பிடுங்குறியள்?"

"வருத்தம் வந்த கண்டை வச்சிருக்கக் கூடாதெண்டெல்லோ சொல்லுறவை?"

"அது பழைய கதை."

அவா கையைச் சீலையில் துடைத்தா. "சரி, கம்பஸ்காரி சொன்னால் கேக்கத்தானே வேணும்."

இறங்குவது முதல் மரபணு மட்டும். அது அடங்கும் நேரத்தில்தான் மற்றவை விழிக்கும்; வைரஸ் பெருகி அடுத்த கலத்துக்குப் புறப்படும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டாவது கோட்டையும் நானேதான் வரைந்திருந்தேன், மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒற்றை வளைவென்றால் வடிவாக இருக்குமென்று, போனில் இருந்த படத்தில் அதை வெட்டி வைத்திருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது தோட்டம் முழுக்கச் சுருண்டு மஞ்சளித்து நின்றது. "இந்த முறை வெயில் கூடிப்போச்சு" என்று சின்னம்மா எனக்காகவே சொன்னா. "ஓம், வெயில்தான்" என்றேன் நானும்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துத் தோட்டத்து அண்ணை அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"தங்கச்சி, எனக்கும் ரெண்டு கண்டு சுருளுது. உம்மட சின்னம்மா சொன்ன அந்தப் படம் என்ன சொல்லுது? விடவோ?"

"பிடுங்குங்கோ அண்ணை. இண்டைக்கே பிடுங்கி எரியுங்கோ."

வாய் முந்திவிட்டது. பின்னால் சின்னம்மா நிமிர்ந்தா. கோபமில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டா.

"அப்ப எனக்கு ஏன் பிள்ளை விடச் சொன்னனீ?"

போனில் வெட்டாத படத்தைத் தேடி எடுத்து அவாவிடம் நீட்டினேன்.