மாப்பிள்ளைத் தாயின் கதிரை

ஜெயமலர் அக்கா கலியாண வீடுகளில் எங்கே இருப்பார் என்று கேட்டால் எங்கள் சொந்தக்காரர் யோசிக்காமல் சொல்லுவார்கள்: கடைசி வரிசை, சுவர்ப் பக்கம். தாலி கட்டும் நேரம் பார்த்துக் கைகழுவப் போய்விடுவார். மகன் கீதன் கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷனைப் பறிகொடுத்தவர். வெளிநாடு வந்து மல்வேர்னில் வாடகை வீடு எடுத்து, ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மகனைப் படிப்பித்தார். அந்த மகனுக்குச் சோதனை, இன்டர்வியூ என்றால், அவன் படியிறங்கும் வரைக்கும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பார். கைம்பெண்ணின் முகத்தில் முழித்துப் போனால் காரியம் கெட்டுவிடும் என்று முழு மனதாக நம்பினார். நான் அவருடைய சின்னம்மாவின் மகள். இதற்காக அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். "உனக்கு விளங்காது, பேசாமல் இரு" என்பார்.

கீதன் விரும்பியது ஹொங்கொங்கில் இருந்து வந்த சீனப் பிள்ளை, வின்னி. அக்காவுக்கு அவளை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். பிடிக்காதவர் கீதனின் பெரியப்பா செல்வரட்ணம்தான். ஆனாலும் கலியாணப் பொறுப்பைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். சில மனிதர்களுக்குச் சம்மதம் இல்லாத இடத்திலும் நாட்டாமை வேண்டும்.

1996 ஆவணியில், அஜின்கோர்ட்டில் ஒரு சீன உணவகத்தின் மேல்மாடியில் மத்தியான விருந்து. எங்களையெல்லாம் செல்வரட்ணம் அண்ணை தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். வரும் வழியிலேயே அக்காவுக்குச் சொல்லிவிட்டார்.

"நீர் முன்னுக்கு வரவேண்டாம். நானும் மனுசியும் இருப்பம்."

"ஓம் அத்தான். அதுதான் சரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண்டபத்தில் எங்களுக்கு மூலையில் ஒரு வட்ட மேசை. அஜக்ஸில் இருக்கும் சொந்தக்காரரும் வந்து நெருக்கியடித்து இருந்ததில், அக்கா சுவருக்கும் மேசைக்கும் இடையில் அசைய முடியாமல் மாட்டுப்பட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கு முதல் தேநீர்ச் சடங்கு. மணமக்கள் முழந்தாளிட்டுத் தேநீர் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் அதை வாங்கிக் குடித்தால் மருமகளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அம்மாதான் இருக்கவேண்டும் என்று கீதன் வீட்டிலேயே கெஞ்சியிருந்தான். அக்கா மழுப்பிவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. தாய் கைம்பெண் என்றால் வேறொரு சோடி முன்னுக்கு நிற்கும். அதில் குறை சொல்ல ஒருவருக்கும் தோன்றாது.

செல்வரட்ணம் அண்ணையும் மனைவியும் கதிரைகளில் போய் இருந்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தின விதத்தில், கலியாணம் அவருக்கோ என்று நினைக்கத் தோன்றியது. வின்னியின் தாய் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு சீனத்தில் ஏதோ கேட்டார். தேநீர்க் கோப்பையோடு முழந்தாளில் நின்ற வின்னியின் முகம் செத்துப்போனது. கீதன் எழும்பி எங்கள் மேசைக்கு ஓடிவந்தான்.

"அம்மா, வாங்கோ. நீங்கள் வின்னியை வேண்டாமெண்டு சொல்லுறீங்கள் எண்டு அவையள் நினைக்கினம்."

"ஐயோ, நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? உங்கட நன்மைக்குத்தானேடா இதில இருக்கிறன். அதைச் சொல்லு."

"சொன்னன். வின்னியின்ர அம்மாவுக்கு விளங்கேல்லை. எனக்கும் விளங்கேல்லை, அம்மா."

"தலையிடி எண்டு சொல்லடா!" என்று செல்வரட்ணம் அண்ணை கதிரையில் இருந்தபடியே கத்தினார். எங்கள் மேசையில் யாரோ, "போகாதை பிள்ளை, பிறகு ஏதும் ஒண்டெண்டால்..." என்று முணுமுணுத்தார்கள். அக்கா சேலைத் தலைப்பைக் கைக்குள் பிடித்துக் கசக்கினார். ஆறிப்போன தேநீரை ஊற்றிவிட்டுப் புதிதாக வார்த்தார்கள். வின்னி எழும்பவே இல்லை. மண்டபம் முழுவதும் எங்கள் மூலையையே பார்த்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் எழும்பி வழியை விடுங்கோ" என்று மேசையைப் பிடித்துத் தள்ளினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. முழந்தாளில் நிற்கும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார்.

செல்வரட்ணம் அண்ணையின் மனைவி எழும்பி இடம் விட்டார். அக்கா இருந்த மறுகணம், பக்கத்தில் சோடிபோல ஆகிவிட்ட செல்வரட்ணம் அண்ணையும் நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளி எழும்பினார். மற்றக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்தார். வின்னி அழுதாள். அவளின் தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சனம் கைதட்டியது.

பிறகு அக்காவைப் பெரிய மேசையில், மகனுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அவர் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. முழு மீன் வந்தபோது மட்டும், "முள்ளுப் பாத்துத் தின் தம்பி" என்று கீதனின் சாப்பாட்டுக் கோப்பையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்து வானுக்காகக் கீழே நின்றோம். எனக்குப் பெரிய வெற்றி பெற்ற புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களே அக்கா, ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

"அந்தப் பிள்ளை முழந்தாளில நிக்குது. நான் வேற என்னத்தைச் செய்ய?" என்றார். "இனி அதுகளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் என்னாலதான் எண்டு சனம் சொல்லும்."

"சொல்லுறவை சொல்லட்டும் அக்கா."

"சொல்லட்டும்," என்றார். "ஆனா நானும் அப்பிடித்தானே நினைப்பன்."